சிரிப்பும் வலிநீக்கமும்: பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் திரைக்கதைகளில் ஓர் அறவினா

துன்பம் நிறைந்த உலகில் பிறரைச் சிரிக்க வைப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்வது அறத்திற்கு உடன்பாடானதா என்னும் வினா, சமயச் சிந்தனையில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்தும் முற்றிலும் தீராததாகவே நிற்கிறது. பசித்தவனுக்கு உணவிடுவோனையும் நோயுற்றவனுக்கு மருந்தளிப்போனையும் எல்லாச் சமயங்களும் ஐயமின்றிப் போற்றுகின்றன. ஆனால் அழுதுகொண்டிருப்பவனைச் சிறிது நேரம் சிரிக்க வைத்துவிட்டு, அவனது பசியையும் நோயையும் இருந்தபடியே விட்டுச் செல்பவனை எந்த வரிசையில் வைப்பது என்பதில் அவை தடுமாறுகின்றன. அவன் செய்தது ஈகையா, ஏமாற்றா என்னும் இந்தத் தடுமாற்றத்தை ஹாலிவுட்டின் நகைச்சுவைத் திரைக்கதை ஆசிரியருள் ஒருவரான பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் அளவுக்குத் தம் படைப்பின் உள்ளேயே வைத்து எண்ணிப் பார்த்தவர் அரியர். 1940-க்கும் 1944-க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் அவர் எழுதி இயக்கிய படங்களை வெறும் கேளிக்கையாக அன்றி, ஓர் அறவினாவுக்கான விடைமுயற்சிகளாகவும் படிக்க இயலும். அவ்வாறு படிக்கும்போது, அவர் தம் பாத்திரத்தின் வாயால் சொன்ன விடையைவிட அவர் அமைத்த காட்சி சொல்லும் விடை ஆழமானது என்பது புலப்படும்.

வினாவின் வரலாற்றைச் சிறிது காண்பது தேவை. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், நாட்டைக் காக்கும் பொறுப்புடையோர் சிரிப்பில் தம்மை இழத்தல் தகாது என்றும், கடவுளர் அடக்கமாட்டாமல் சிரிப்பதாகக் கவிஞர் பாடுவதை ஏற்கலாகாது என்றும் வரையறுத்தார். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் கிறிசோஸ்தோம், மத்தேயு நற்செய்தி பற்றிய தம் மறையுரைகளில், இயேசு அழுததாக நற்செய்திகள் கூறுகின்றனவேயன்றி அவர் சிரித்ததாக எங்கும் கூறவில்லை என்பதைச் சுட்டி, விசுவாசிகளுக்கு உரியது கண்ணீரே என்று வற்புறுத்தினார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் துறவியருக்கு வகுத்த ஒழுங்கு நூலில், எளிதில் சிரிப்புக்கு ஆளாகாமை பணிவின் படிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. இவர்கள் மகிழ்ச்சியை வெறுத்தவர்கள் என்று கருதுவது பிழையாகும். உலகின் நிலையை உள்ளபடி உணர்ந்த ஒருவனுக்குச் சிரிப்பு இயல்பாக வராது என்பதும், வருமானால் அவன் எதையோ மறந்துவிட்டான் என்பதும்தான் அவர்களின் கவலை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று முறையாக வாதிட்டவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலார் தாமஸ் அக்குவினாஸ். அரிஸ்டாட்டில் தம் அறநூலில் 'யூட்ரபீலியா' என்று பெயரிட்டிருந்த பண்பை, அதாவது விளையாட்டிலும் நகைப்பேச்சிலும் அளவறிந்து ஈடுபடும் நயத்தை, அவர் ஒரு நற்பண்பாகவே ஏற்றார்; உழைத்த உடல் ஓய்வை வேண்டுவது போலவே உழைத்த உள்ளமும் ஓய்வை வேண்டுகிறது என்றும், அந்த ஓய்வு விளையாட்டால் கிட்டுகிறது என்றும், எப்போதும் நாணேற்றி வைத்த வில் முறிந்துபோகும் என்று திருத்தூதர் யோவான் உணர்த்தியதாக வழங்கும் பழைய கதையைத் துணைக்கொண்டு அவர் விளக்கினார். மகிழ்ச்சியே அற்று, பிறர் மகிழ்வதையும் கெடுக்கும் கடுமையை அவர் குற்றமென்றே சொன்னதும், மக்களுக்கு ஆறுதல் அளிப்பதற்கென அமைந்த நடிகர் தொழில் தன்னளவில் முறையற்றது அன்று என்று தீர்ப்பளித்ததும் கிறிஸ்தவ மரபில் சிறிய செய்திகள் அல்ல. எனினும் அவரது வாதத்தில் ஓர் இடைவெளி உள்ளது. ஓய்வு என்பது எதற்கோ திரும்புவதற்காகக் கொள்ளப்படுவது. படிப்பவனும் மறையுரை ஆற்றுபவனும் ஓய்வுக்குப் பின் தம் நற்பணிக்குத் திரும்புகிறார்கள். காலில் சங்கிலி பூட்டப்பட்டுக் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்படும் கைதி ஒருவன் ஒரு மணி நேரம் சிரித்துவிட்டு எதற்குத் திரும்புகிறான்? அவன் சிரிப்பை எந்த நன்மையின் பெயரால் நியாயப்படுத்துவது? அக்குவினாஸ் கேட்காத இக்கேள்வியைத்தான் ஸ்டர்ஜஸ் 1941-இல் ஒரு திரைக்கதையின் நடுவில் வைத்தார்.

ஸ்டர்ஜஸின் வாழ்க்கை இவ்வினாவுக்கு அவரைத் தயார்செய்த விதம் கவனிக்கத்தக்கது. அவர் 1898-இல் சிகாகோவில் பிறந்தார். மேரி டெஸ்டி என்று தம் பெயரை மாற்றிக்கொண்ட அவருடைய தாய், நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் நெருங்கிய தோழி. 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் கார்ச் சக்கரத்தில் சிக்கி இசடோராவின் உயிரைப் பறித்த நீண்ட கழுத்துத்துணி அந்தத் தோழி அளித்த பரிசே. தாய் அலைஸ்டர் குரோலி என்னும் மறைஞான வித்தைக்காரரின் வட்டத்திலும் சில காலம் இருந்து, அவருடைய நூலொன்று உருவாகத் துணைநின்றார். மகனை ஐரோப்பாவின் பள்ளிகளிலும் அரங்குகளிலும் அருங்காட்சியகங்களிலும் வளர்த்த தாய் ஒருபுறமும், அவரைத் தத்தெடுத்துத் தம் பெயரையும் நிலையான அன்பையும் அளித்த சிகாகோ பங்குவணிகர் சாலமன் ஸ்டர்ஜஸ் மறுபுறமுமாக, உயர்கலையின் மீது ஐயமும் எளிய மனிதரின் நேர்மை மீது மதிப்பும் அச்சிறுவனின் உள்ளத்தில் ஒருங்கே வேரூன்றின. இளமையில் அவர் தாயின் அழகுப்பொருள் நிறுவனத்தில் பணியாற்றினார். முத்தமிட்டாலும் அழியாத உதட்டுச்சாயம் ஒன்றையும் உருவாக்கினார். குடல்வால் அறுவைக்குப் பின் படுக்கையில் கிடந்த நாள்களிலேயே அவர் நாடகக்கலை பற்றிய நூல்களைப் படித்து எழுத்தின் பக்கம் திரும்பினார் என்பது அவர் வரலாற்றில் உறுதியாகச் சொல்லப்படும் செய்தி. 1929-இல் பிராட்வேயில் அரங்கேறிய 'ஸ்ட்ரிக்ட்லி டிஸ்ஹானரபிள்' என்னும் நாடகம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட முறை நடிக்கப்பட்டு அவரை ஒரே பருவத்தில் புகழுக்கு உயர்த்தியது.

ஹாலிவுட்டில் அக்காலத்தில் ஒரு திரைக்கதையைப் பலர் பங்கிட்டு எழுதுவதும், எழுதியவருக்குப் படப்பிடிப்பில் எவ்வித உரிமையும் இல்லாதிருப்பதும் வழக்கம். தாம் எழுதிய சொல் தாம் கருதிய முறையிலேயே திரையில் ஒலிக்க வேண்டும் என்று விரும்பிய ஸ்டர்ஜஸ், 'தி கிரேட் மெக்கின்டி' என்னும் திரைக்கதையைப் பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பத்து டாலருக்கு விற்று, அதை இயக்கும் உரிமையை அதற்கு ஈடாகப் பெற்றார். 1940-இல் வெளிவந்த அப்படத்துக்காக, அசல் திரைக்கதைக்கென அவ்வாண்டு புதிதாக ஏற்படுத்தப்பட்ட ஆஸ்கர் விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. ஜான் ஹியூஸ்டன், பில்லி வைல்டர் போன்ற எழுத்தாளர்கள் இயக்குநர்களாவதற்கு இது வழிகாட்டியது என்பது திரைப்பட வரலாற்றில் பலரும் எழுதியுள்ளதாகையால் இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

அவருடைய நகைச்சுவைப் படங்களுக்கு நடுவே ஒரு விந்தையான படம் உள்ளது. 1942-இல் படமாக்கப்பட்டு, நிறுவனத்தாரால் அவர் விருப்பத்துக்கு மாறாக வெட்டி ஒட்டப்பட்டு, 'தி கிரேட் மொமென்ட்' என்ற பெயரில் 1944-இல் வெளிவந்து தோல்வியுற்ற அப்படம், ஈதர் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து வலியின்றி அறுவை நடத்தும் முறையை உலகறியச் செய்த பாஸ்டன் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டனின் வரலாற்றைக் கூறுகிறது. நகைச்சுவையாளர் ஒருவர் மயக்கமருந்தின் வரலாற்றில் இத்துணை ஈடுபாடு கொண்டதைப் பலர் அவருடைய பாதையிலிருந்து விலகிய பிறழ்வாகக் கருதினர். அவ்வாறு கருத இடமில்லை. அவர் தம் தொழில் பற்றிக் கேட்டுக்கொண்ட கேள்வியின் மற்றொரு வடிவமே அப்படம்.

சிரிப்புக்கும் மயக்கமருந்துக்கும் உள்ள உறவு உவமை அளவில் நிற்பதன்று. வரலாற்றிலேயே அது உண்டு. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில், 'சிரிப்பூட்டும் வாயு' எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைப் பார்வையாளருக்கு முகரக் கொடுத்து அவர்கள் தடுமாறிச் சிரிப்பதைக் காட்டும் கேளிக்கை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அதில் வாயுவை முகர்ந்த ஒருவர் தம் காலில் அடிபட்டுக் குருதி வழிவதையே உணராதிருந்ததை அங்கிருந்த பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் கவனித்தார். வலியின்றிப் பல் பிடுங்கும் எண்ணம் அங்குதான் பிறந்தது. மறு ஆண்டு பாஸ்டனில் அவர் நடத்திக்காட்டிய சோதனை தோற்றுப்போக, அவருடன் முன்பு தொழில் நடத்திய மார்ட்டன் ஈதரைக் கொண்டு 1846 அக்டோபர் 16 அன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வெற்றிபெற்றார். மக்களைச் சிரிக்க வைக்க மேடையேற்றப்பட்ட ஒரு பொருளிலிருந்தே வலிநீக்கும் கலை கிளைத்தது என்பது இவ்வரலாற்றின் உண்மை.

வலிநீக்கத்தின் மீது எழுந்த சமயக் கேள்வியும் சிரிப்பின் மீது எழுப்பப்பட்ட கேள்விக்கு உறவானதே. 1847-இல் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் மகப்பேற்றில் குளோரோஃபார்மைப் பயன்படுத்தியபோது, பேற்று வலி ஆதியாகமத்தில் கடவுளால் விதிக்கப்பட்டது அல்லவா, அதை நீக்குவது அவர் ஆணையை மீறுவதாகாதா என்னும் மறுப்புக்கு அவர் தனியே ஒரு நூலெழுதிப் பதில் கூறினார். ஆதாமின் விலாவெலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனுக்கு ஆழ்ந்த உறக்கத்தை வருவித்தார் என்ற அதே ஆகமத்தின் செய்தியை அவர் எடுத்துக்காட்டியது அவருடைய வாதங்களுள் ஒன்று. வலியைத் தணிப்பது வலியின் காரணத்தை நீக்குவதன்று. ஆயினும் தணிப்பதைத் தீதென்று சொல்லக் கடவுளின் பெயரை எவரும் எடுத்தாள முடியாது என்பது அவர் நிலைப்பாடு. இதை இன்று மறுப்போர் இல்லை. ஆனால் உடல்வலிக்கு ஒப்புக்கொண்டதைச் சமூகத் துன்பத்துக்கு ஒப்புக்கொள்ள மனம் தயங்குகிறது. சமயத்தை மக்களின் அபினி என்று மார்க்ஸ் குறித்தபோது, அது ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். எனினும், பொய்யான ஆறுதல் விலகினால்தான் ஆறுதல் தேவைப்படும் நிலையை மாற்ற மனிதன் முனைவான் என்பது அவர் வாதத்தின் மையம். அந்த வாதம் சிரிப்புக்கும் அப்படியே பொருந்தும். 1900-இல் ஹென்றி பெர்க்சன் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில், சிரிப்பு எழுவதற்கு நெஞ்சம் ஒரு கணம் உணர்விழந்து மரத்துப்போக வேண்டும் என்று கூறி, மயக்கமருந்துக்குரிய அதே சொல்லைப் பயன்படுத்தினார். பரிவு இருக்கும் இடத்தில் சிரிப்பு இல்லை என்பது அவர் துணிபு. அது உண்மையானால் கிறிசோஸ்தோமின் கவலை மெய்யாகிவிடும். நகைச்சுவை எழுதுபவன் பிறர் நெஞ்சை மரக்கச் செய்பவனாகவே எஞ்சுவான்.

'சலிவன்ஸ் டிராவல்ஸ்' என்னும் படம் இப்பின்புலத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. ஜோயல் மக்ரே நடித்த ஜான் சலிவன் என்னும் பாத்திரம், இலேசான நகைச்சுவைப் படங்களால் பொருளீட்டிய ஓர் இயக்குநர். பொருளாதாரப் பெருமந்தம் மக்களை வாட்டும் வேளையில் அவனுக்குத் தன் தொழில் வெட்கத்தைத் தருகிறது. ஏழைகளின் துன்பத்தைச் சித்திரிக்கும் உயரிய படமொன்றை எடுக்க விரும்பி, பத்து சென்ட் காசுடன் கந்தலணிந்து, சரக்கு ரயில்களில் ஏறித் திரியும் வேலையற்றோரிடையே வாழப் புறப்படுகிறான். புறப்படும் முன் அவனுடைய முதிய பணியாளர் அவனைத் தடுத்துச் சொல்லும் சொற்கள் இப்படத்தின் அறிவார்ந்த பகுதிகளுள் ஒன்று: வறுமை என்பது செல்வம் இல்லாமை மட்டுமன்று, அது தன்னியல்பில் பரவுகின்ற ஒரு கொள்ளைநோய் என்றும், அதில் கவர்ச்சி காண்போர் செல்வர் மட்டுமே என்றும், ஆராய்ச்சியின் பெயரால்கூட அதை நெருங்கலாகாது என்றும் அவர் எச்சரிக்கிறார். பிறர் துன்பத்தை அறியப் புறப்படும் நல்லெண்ணத்திலேயே ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கக்கூடும் என்பதை இத்துணைத் தெளிவாகச் சொன்ன படங்கள் அக்காலத்தில் மிகக் குறைவு.

சலிவன் முயன்றும் ஏழையாக முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் சூழ்நிலை அவனை ஹாலிவுட்டுக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. இறுதியில் நன்றிக்கடனாக ஐந்து டாலர் நோட்டுகளை வீதியில் வறியோருக்குப் பங்கிடச் செல்லும் இரவில்தான் அவன் உண்மையாகவே அனைத்தையும் இழக்கிறான். அவனை அடித்துப் பணத்தைப் பறித்த நாடோடி ஒருவன், முன்பு அவனிடமிருந்து திருடியிருந்த காலணியுடனேயே ரயிலில் அடிபட்டு இறக்க, காலணிக்குள் தைத்து வைத்திருந்த அடையாள அட்டையைக் கண்டு சலிவன் இறந்துவிட்டதாக உலகம் நம்புகிறது. அடிபட்டுத் தெளிவிழந்த நிலையில் ரயில்வே காவலன் ஒருவனைத் தாக்கிய குற்றத்துக்காக, பெயரற்ற ஒருவனாக ஆறாண்டுக் கடுங்காவலுக்கு அனுப்பப்படுகிறான். சதுப்புநிலத்தின் ஓரத்தில் காலில் சங்கிலியுடன் உழைக்கும் கைதிகளின் கூட்டத்தில், எதிர்த்துப் பேசினால் வெப்பப் பெட்டிக்குள் அடைக்கப்படும் இடத்தில், படத்தின் நகைச்சுவை ஏறத்தாழ முழுவதும் நின்றுவிடுகிறது. நகைச்சுவைப் படமொன்றில் ஓர் ஆசிரியர் துணிந்து செய்யக்கூடிய மிகப் பெரிய செயல் இதுவே. தன் கலையின் நியாயத்தைச் சோதிக்க அக்கலையையே அவர் சிறிது நேரம் விலக்கி வைக்கிறார்.

அதன்பின் வருவதுதான் அந்தத் தேவாலயக் காட்சி. கறுப்பின மக்களின் ஏழ்மையான சிற்றாலயம் ஒன்றில் அன்றிரவு திரைப்படம் காட்டப்படவிருக்கிறது. அதற்குக் கைதிகளும் அழைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் வருமுன், ஜெஸ் லீ புரூக்ஸ் நடித்த போதகர் தம் மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: சொல்லாலோ செயலாலோ பார்வையாலோ வரும் விருந்தினரைத் தாழ்வாக உணரச் செய்யக் கூடாது, அவர்களிடமிருந்து விலகி அமரக் கூடாது, கடவுளின் கண்ணில் அனைவரும் சமம் என்பது அவர் கூறுவதன் சாரம். முன்வரிசை இருக்கைகள் கைதிகளுக்கு ஒழித்துத் தரப்படுகின்றன. எகிப்தில் அடிமைப்பட்ட மக்களை விடுவிக்கும்படி மோசே மன்னனிடம் கேட்டதைச் சொல்லும், அமெரிக்க அடிமைகளிடையே வழங்கிய 'கோ டவுன் மோசஸ்' என்னும் பாடலைச் சபையார் பாட, சங்கிலி ஓசையுடன் இருவர் இருவராகக் கைதிகள் நுழைகிறார்கள். விளக்குகள் அணைந்து, 1934-இல் டிஸ்னி வெளியிட்ட 'பிளேஃபுல் புளூட்டோ' என்னும் கேலிச்சித்திரப் படம் ஓடுகிறது. ஈ பிடிக்கும் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட நாய் அதிலிருந்து விடுபட முயன்று மேலும் மேலும் சிக்குவதைக் கண்டு சபையாரும் கைதிகளும் காவலரும் ஒருங்கே சிரிக்கிறார்கள். சலிவன் தன்னையறியாமல் சிரித்து, தான் சிரிப்பது உண்மைதானா என்று அருகிலிருப்பவனைக் கேட்கிறான்.

இக்காட்சியைச் சிரிப்பு ஒரு மயக்கமருந்து என்பதற்குச் சான்றாகக் கொள்வோர் பலர். படத்தின் இறுதியில், உண்மை வெளிப்பட்டு விடுதலை பெற்ற சலிவனும் அப்படித்தான் புரிந்துகொள்கிறான். துன்பப் படம் எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, சிலருக்கு இவ்வுலகில் சிரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற பொருளில் பேசி, மீண்டும் நகைச்சுவைக்கே திரும்புகிறான். ஸ்டர்ஜஸே தம் நினைவுக் குறிப்பில் இப்படத்தின் முடிவு தமக்கு நிறைவளிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த நிறைவின்மைக்குக் காரணம் காதல்கதையை முடிப்பதில் ஏற்பட்ட சிக்கல் மட்டுமன்று என்று தோன்றுகிறது. சலிவன் விடுதலை பெற்றது அவன் புகழ்பெற்றவன் என்பதால். தன்னையே கொன்றதாகப் பொய்க் குற்றத்தை ஏற்று, நாளிதழில் தன் படம் வரச் செய்து அவன் வெளியேறுகிறான். அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து சிரித்தவர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் இன்னும் சதுப்பில் இருக்கையில், சிரிப்பு அவர்களுக்குப் போதும் என்று விமானத்தில் இருந்தபடி ஒருவன் கூறுவது, முதிய பணியாளர் எச்சரித்த அதே மேட்டிமையின் மற்றொரு வடிவமாகிவிடும் அபாயம் உண்டு.

ஆனால் தேவாலயத்தில் நடந்தது சலிவன் எண்ணியதைவிடப் பெரிது. முதலாவதாக, அங்கு சிரிப்பை வழங்கியவர் ஹாலிவுட் இயக்குநர் அல்லர். தாமே ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், தம்மைவிடத் தாழ்ந்த நிலையில் இருந்தோரை விருந்தினராக வரவேற்று, தமக்கிருந்த சிறிய இன்பத்தைப் பங்கிட்டது. இரண்டாவதாக, சிரிப்புக்கு முன் நிகழ்ந்தது நெஞ்சம் மரத்தல் அன்று, அதன் நேர் எதிரானது. ஒருவர் மற்றவரைத் தாழ்வாகப் பார்க்கும் வழக்கத்தைப் போதகர் பெயர்சொல்லி விலக்கிய பின்னரே விளக்குகள் அணைந்தன. பெர்க்சன் கூறிய உணர்விழப்பு எல்லாச் சிரிப்புக்கும் பொருந்துவதன்று என்பதற்கு இக்காட்சி ஒரு சான்றாக நிற்கிறது. படத்தின் முற்பகுதியில், வறியோர்க்கான விடுதியொன்றில் உணவுக்கு முன் கட்டாயமாகக் கேட்க வேண்டிய மறையுரையைச் சோர்ந்த முகங்களுடன் வறியவர்கள் கேட்டிருக்கும் காட்சியும் உள்ளது. அங்கு சமயச் சொல், உணவுக்குச் செலுத்தும் விலையாகிவிட்டது. சதுப்புநில ஆலயத்திலோ விருந்தினரிடம் எதுவும் கேட்கப்படவில்லை. இரு மறையுரைகளையும் ஒரே படத்தில் வைத்தவர் தற்செயலாக வைத்திருக்க முடியாது.

சிரிப்பின் வகைகளைப் பிரித்தறியாமல் இவ்விடத்தைக் கடக்க இயலாது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேய மெய்யியலார் தாமஸ் ஹாப்ஸ், பிறர் குறையைக் காணும்போது தன் உயர்வு திடீரெனத் தோன்றுவதால் எழும் பெருமிதமே சிரிப்பு என்றார். தமிழில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு ஒரு காரணத்தோடு நிற்கவில்லை. பிறரை இகழும் எள்ளலோடு, சிறுபிள்ளைத்தனமாகிய இளமையையும், அறியாமையாகிய பேதைமையையும், சொன்னதை அப்படியே ஏற்கும் மடனையும் சேர்த்து எண்ணியது. எள்ளலால் எழும் சிரிப்பு ஹாப்ஸ் கூறியதற்குள் அடங்கும். ஏனைய மூன்றும் அதற்குள் அடங்குவன என்று கூறுவதற்கில்லை, ஏனெனில் ஒரு குழந்தையின் செய்கைக்குச் சிரிப்பவர் தம்மை அதனினும் உயர்ந்தவராக மெய்ப்பிக்கச் சிரிப்பதில்லை. பசைத்தாளில் சிக்கிய நாயைக் கண்டு சங்கிலியில் பூட்டப்பட்டவர்கள் சிரிக்கும்போது, விடுபட முயன்று மேலும் சிக்கும் உயிரில் தம்மையே காண்கிறார்கள். அங்கு இகழப்படுபவர் எவரும் இல்லை.

இப்படத்திலேயே எள்ளல் சிரிப்பும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சலிவனைப் பின்தொடரும் பெரிய வண்டி தாறுமாறாக ஓடும் துரத்தல் காட்சியில், அவ்வண்டியின் கறுப்பினச் சமையற்காரர் தூக்கி எறியப்பட்டு, முகமெங்கும் மாவு அப்பிக்கொண்டு பார்வையாளரின் சிரிப்புக்குப் பொருளாக்கப்படுகிறார். அக்கால ஹாலிவுட்டின் இழிந்த வழக்கம் அது. ஸ்டர்ஜஸ் அதிலிருந்து தப்பவில்லை. ஆனால் அதே படம் ஒரு மணி நேரத்துக்குப் பின் தேவாலயத்தை வந்தடைகிறது. ஒரே படைப்பில் ஒரே எழுத்தாளர் இவ்விரு சிரிப்புகளையும் எழுதினார் என்பது, சிரிப்பூட்டுவது அறமா என்ற வினாவை வேறுவிதமாகக் கேட்க வைக்கிறது: யாரைத் தாழ்த்தி, யாரோடு சேர்ந்து என்று கேட்காமல் அவ்வினாவுக்கு விடையே இல்லை.

ஸ்டர்ஜஸின் பிற படங்களில் இந்த எண்ணம் 'அருள்' என்னும் கிறிஸ்தவக் கருத்தோடு இணைகிறது. அருள் என்பது உழைப்புக்குக் கூலியாகவோ தகுதிக்குப் பரிசாகவோ அன்றிக் கடவுள் மனிதனுக்குத் தாமாக அளிப்பது. உழைத்தவனுக்கே வெற்றி என்று நம்பும் அமெரிக்க வழக்கத்துக்கு இது எளிதில் பொருந்தாத கருத்து. 'கிறிஸ்மஸ் இன் ஜூலை' என்னும் 1940-ஆம் ஆண்டுப் படத்தில், காபி நிறுவனத்தின் விளம்பர வாசகப் போட்டியில் வென்றுவிட்டதாகச் சக ஊழியர்கள் விளையாட்டாக அனுப்பிய தந்தியை நம்பிய எழுத்தர் ஒருவன், இல்லாத பணத்தில் தன் தெருவிலுள்ள அனைவருக்கும் பரிசுகள் வாங்கிக் கொடுக்கிறான். தகுதி மெய்ப்பிக்கப்படும் முன்பே ஈகை நடந்துவிடுகிறது. 1944-இல் வெளிவந்த 'தி மிரக்கிள் ஆஃப் மார்கன்ஸ் கிரீக்' படத்தில், தான் மணந்த படைவீரனின் முகமும் பெயரும்கூட நினைவில்லாத ஓர் இளம்பெண்ணை ஊர் இகழக் காத்திருக்க, கிறிஸ்துமஸ் நாளில் அவளுக்கு ஒரே பேற்றில் ஆறு ஆண்குழந்தைகள் பிறந்து இகழ்ச்சி கொண்டாட்டமாக மாறுகிறது. இதைச் சமயத்தைக் கேலிசெய்யும் கதை என்று அஞ்சியோர் இருந்தனர். படத்தின் தணிக்கைக்காக நெடிய பேச்சுவார்த்தைகளும் நடந்தன. ஆனால் பழிக்கப்படவிருந்த பெண்ணொருத்தி தன் தகுதியால் அன்றிப் பிறப்பொன்றின் வியப்பால் காக்கப்படுகிறாள் என்னும் அமைப்பு, நற்செய்திக் கதையின் உள்ளுணர்வுக்கு மிக அருகில் இருப்பது.

மார்ட்டன் பற்றிய படத்திலும் இதே அமைப்புக் காணப்படுகிறது. தம் மருந்தின் உட்பொருளை மறைத்து 'லெத்தியான்' என்ற பெயரில் காப்புரிமை பெற முயன்ற மார்ட்டன், கால் துண்டிக்கப்படக் காத்திருக்கும் ஓர் இளம் பணிப்பெண்ணுக்கு அதைத் தர வேண்டுமானால் அது என்னவென்று மருத்துவர்களிடம் வெளிப்படுத்தியாக வேண்டும் என்னும் நிலையில், அதைச் சொல்லிவிடுகிறார். உண்மை வரலாற்றிலும் 1846 நவம்பர் 7 அன்று அத்தகைய அறுவை ஈதரின் துணையால் நடந்தது. மார்ட்டனின் வீழ்ச்சி, வறுமை, உரிமை வழக்குகள் எல்லாவற்றையும் முதலில் காட்டிவிட்டு, இந்த ஈகையைக் கடைசியில் வைக்க ஸ்டர்ஜஸ் விரும்பினார். காலவரிசை மாறிய இந்த அமைப்பைத்தான் நிறுவனத்தார் பெரிதும் குலைத்தனர். வலிநீக்கம் நோயைத் தீர்ப்பதில்லை என்ற குறைக்கு அப்படம் தரும் விடை, அது ஒருவர் தம் பொருளை இழந்து இன்னொருவருக்குக் கொடுத்தது என்பதுதான். சதுப்புநிலத் தேவாலயத்தின் விடையும் அதுவே.

1943-இன் இறுதியில் பாரமவுண்டை விட்டு வெளியேறிய பின் ஸ்டர்ஜஸின் வாழ்வு விரைவாகச் சரிந்தது. தொழிலதிபர் ஹோவர்டு ஹியூஸுடன் தொடங்கிய கூட்டு முறிந்தது. 1948-இல் வெளிவந்த 'அன்ஃபெய்த்ஃபுலி யுவர்ஸ்' அன்று வெற்றிபெறவில்லை. அவர் நடத்திய 'பிளேயர்ஸ்' என்னும் உணவகம் அவர் செல்வத்தை விழுங்கியது. பிற்காலத்தைப் பெரிதும் பாரிஸில் கழித்து, 1959 ஆகஸ்டு 6 அன்று, தன்வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த நிலையில், நியூயார்க்கின் அல்கொன்குவின் ஹோட்டலில் இறந்தார். தகுதியால் அன்றி வந்த உயர்வையும் குற்றமின்றி வந்த வீழ்ச்சியையும் தம் பாத்திரங்களுக்கு எழுதியவர், இரண்டையும் தாமே வாழ்ந்தார்.

சிரிப்பு வலியை மறைக்கும் மயக்கமா என்னும் வினாவுக்கு, 'சலிவன்ஸ் டிராவல்ஸ்' வெளிவந்த காலத்திலேயே இரு வேறு திசைகளிலிருந்து கிடைத்த சான்றுகள் எந்தக் கோட்பாட்டையும்விட வலியவை. அமெரிக்கா போரில் இறங்கியிருந்த அந்நாள்களில், சங்கிலிக் கைதிகள் நடத்தப்படும் கொடுமையைக் காட்டுவதால் எதிரிநாட்டார் தம் பரப்புரைக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று கருதிய அரசின் தணிக்கை அலுவலகம், படத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப இசைவு தர மறுத்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசிய அமைப்பான என்ஏஏசிபி-யின் செயலர் வால்டர் வைட்டோ, தேவாலயக் காட்சியில் தம் மக்கள் கண்ணியத்துடன் காட்டப்பட்டதற்காக ஸ்டர்ஜஸைப் பாராட்டி மடல் எழுதினார். ஒருவர் அஞ்சியும் மற்றவர் நன்றியுடனும் பார்த்தது ஒரே படத்தின் ஒரே பகுதியை; அப்பகுதியின் முடிவில் அரங்கம் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்த போதிலும், அங்கிருந்த சங்கிலிகள் இருவர் கண்ணுக்கும் மறையவில்லை.